கேக்கக்காவின் நீலக் கார்

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருப்பவருக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் கேக்கக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவன் நான். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவருடைய அடுப்படி ஜன்னலுக்கு நேர் மேலே என் ஜன்னல். வெண்ணெயும் வெனிலாவும் வேகும் வாசனைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு பல வருடங்களாக உடம்பு இளைக்கப் பார்க்கிறேன். நடக்கிற காரியமா அது?

அடுப்படி என்று சொன்னேனே தவிர, அது ஒரு சின்னத் தொழிற்சாலை. ஒரு சுவரை ஒட்டி ஆளுயர ஓவன். எதிரே இரண்டு ஃபிரிட்ஜ். நடுவில் மேசை மேல் ஒரு சுழலும் தட்டு. கேக்கை அதில் வைத்து இடது கையால் சுற்றிக்கொண்டே வலது கையால் கிரீம் தடவுவார். கை தேர்ந்த கொத்தனார் சுவர் பூசினால்கூட அவ்வளவு மட்டமாக வராது. ஓரங்களில் வெட்டியெடுத்த துண்டுகள் ஒரு டப்பாவில் சேரும். அந்த டப்பா கட்டடத்துக்கே பொது.

அவருடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். கிட்டத்தட்ட பாதி ஆயுளை ஸ்டீரிங்குக்குப் பின்னால் கழித்தவர். வண்டிகளைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான். வண்டி என்றால் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் டிப்போவுக்கு போன் செய்ய வேண்டும். வேறு வண்டி வரும். இத்தனை வருடத்தில் ஒரு திருகாணிக்குக்கூடச் சொந்தப் பையிலிருந்து காசு கொடுத்தது கிடையாது. வீட்டில் கார் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோதெல்லாம் அவர் சொன்ன பதில், "நாள் பூரா ஓட்டறேன். வீட்டுக்கு வந்தும் ஓட்டணுமா? சமையல்காரன் வீட்டுல போய் யாராவது சமைக்கச் சொல்வாங்களா?"

"நீங்க ஓட்ட வேண்டாம். நான் ஓட்டறேன்" என்றார் அக்கா.

அதற்குக் காரணம் இருந்தது. கேக் செய்வது அவருக்குப் பெரிய வேலையே இல்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உயிரை வாங்கியது. வாடகை வண்டி கூப்பிட்டால் ஓட்டுநருக்கு ஏசி போட மனசு வராது. போட்டாலும் மேடு பள்ளம் பார்த்து ஓட்ட மாட்டார். ஒருமுறை ஒரு குழந்தையின் பிறந்த நாள் கேக் சறுக்கிப் போய், மேலே எழுதியிருந்த வாழ்த்து அப்படியே பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டது. கேக் மொட்டையாக இருந்தது. மூடியில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தன. அக்கா அசரவில்லை. அந்தக் குழந்தையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி மூடியைக் காட்டி, "பாத்தியா, மந்திர எழுத்து" என்றாராம். குழந்தைக்கு ஒரே சந்தோஷம். பெற்றவர்கள் மட்டும் அதன்பிறகு ஆர்டர் கொடுக்கவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். புதுக் கார் வாங்குகிற அளவுக்குக் கையில் பணம் இல்லை, மாதத் தவணை கட்டிக்கொண்டே தூங்குகிற மனசும் இல்லை. பழைய கார் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக விசாரித்து வைத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டர். இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு தாழ்வான சீட்டில் உட்கார முடியாமல் காரை விற்கப் பார்த்தார். வயது பதினாறு, காருக்கு. மங்கிய நீல நிறம். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற மாதிரி.

கார் பார்க்கப் போன அன்று நானும் கூடப் போனேன், சும்மா வேடிக்கைக்கு. அக்காவின் கணவர், அதாவது நம் ஓட்டுநர், முறைப்படி பானெட்டைத் திறந்தார், ஆயில் குச்சியை உருவி மோந்தார், எஞ்சினை உறுமவிட்டுப் புகை எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தார். அக்கா கொண்டு வந்திருந்தது வேறு ஆயுதம். ஒரு பெரிய காலி கேக் பெட்டி, அடுப்படியில் இருக்கும் வெப்பமானி, ஒரு கிண்ணம் ஜெல்லி.

பின்சீட்டை மடித்துவிட்டுப் பெட்டி உட்காருகிறதா என்று பார்த்தார். உட்கார்ந்தது. வெப்பமானியைப் பின்னால் வைத்து ஏசியைப் போடச் சொன்னார். கண்ணெதிரே இறங்கியது. அந்தக் காரிலேயே புதுசாக இருந்தது ஏசி ஒன்றுதான். டாக்டருக்கு வியர்வை என்றால் ஆகாது. கடைசியாக ஜெல்லிக் கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்து, தெருக்கோடி வரை போய் வந்தார். டாக்டர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா பாக்கறீங்க?"

"ஜெல்லி உடையுதான்னு பாக்கறேன் டாக்டர்."

"இதுவரைக்கும் எத்தனையோ பேர் இந்த வண்டியைப் பாக்க வந்தாங்க. எஞ்சினைப் பாத்தாங்க, டயரைப் பாத்தாங்க."

"எஞ்சினை இவர் பாக்கறாரு. என் சரக்கை நான்தானே பாக்கணும்."

டாக்டர் நேர்மையான மனிதர். குறைகளை அவரே சொன்னார். பெட்ரோல் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். இடது பின்கதவு உள்ளே இருந்துதான் திறக்கும். "அப்புறம், வெயில் காலத்துல கொஞ்சம் சூடாகும்" என்றார். "நமக்கும்தானே ஆகுது."

ஓட்டுநர் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சூட்டைப் பற்றியே பேசினார். அக்கா காதில் விழவில்லை. அவர் மனதில் ஏசியின் குளிர்தான் இருந்தது. மறுநாளே பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டார்.

முதல் சில மாதங்கள் தேனிலவுதான். கேக்குகள் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. தூரத்து ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. அக்கா கார் கண்ணாடியைத் துடைக்கும்போது பாட்டு முணுமுணுப்பது மேலே எனக்குக் கேட்கும். பெட்ரோல் முள் பாதியில் நின்றதால் எதற்கும் இருக்கட்டும் என்று வாரம் தவறாமல் நிரப்பிவிடுவார். அதனால் நடுவழியில் எண்ணெய் தீர்ந்து நின்றதே இல்லை.

பிறகு கார் தன் வயதைக் காட்டியது. பேட்டரி போனது. வைப்பர் ஒரு மழையில் பாதிக் கண்ணாடியோடு வேலையை நிறுத்திக்கொண்டது. டயர்கள் வழுக்கைத் தலையாகிவிட்டதால் நான்கையும் மாற்ற வேண்டி வந்தது. சந்தைப் பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்த மெக்கானிக் இந்த வீட்டுக்கு உறவுக்காரர் மாதிரி ஆனார். குண்டாக இருப்பார். காருக்கு அடியில் போனால் வெளியே வர ஆள் பிடித்து இழுக்க வேண்டும்.

அவருக்கு அக்காவைப் போல் ஒரு வாடிக்கையாளர் அதுவரை வாய்த்ததில்லை. மற்றவர்கள் எல்லாம் எஞ்சினில் சத்தம் வருகிறது, மைலேஜ் இல்லை என்று வருவார்கள். அக்கா போனதும் சொன்ன முதல் புகார், "பின்னாடி குலுங்குது."

"அக்கா, இந்த வயசு வண்டி குலுங்கத்தான் செய்யும். ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு. அதைப் பாப்போம்."

"ஆயிலையும் மாத்துங்க. ஆனா குலுங்கக் கூடாது. நேத்து ஒரு ரோஜா கழண்டு விழுந்துடுச்சு."

"ரோஜாவா?"

"கிரீம் ரோஜா."

பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பில்லைப் பார்த்த ஓட்டுநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என் பஸ்ஸுல அறுபது பேர் குலுங்கிட்டு வராங்க. ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

"அவங்க மேல கிரீம் இல்லையே" என்றார் அக்கா.

வெயில் காலம் வந்ததும் டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்சம் சூடு தலைகாட்டியது. சமதரையில் ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறினால் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே போகும். மெக்கானிக் தெர்மோஸ்டாட் என்றார். மாற்றினார்கள். பத்து நாள் சும்மா இருந்துவிட்டு முள் மறுபடியும் ஏறியது. அப்படியானால் வாட்டர் பம்ப் என்றார். அதையும் மாற்றினார்கள். முள்ளுக்கு அதிலும் திருப்தி இல்லை.

"இதுவாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க்கா" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தோ என்னவோ, ஒரு அடி தள்ளியே நின்றார். அக்கா கத்தவில்லை. "புரியுது. எனக்கும் கேக்கு நடுவுல அமுங்கும். மாவா, சூடா, நேரமான்னு ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தாதான் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம். என் தப்புக்கு நாலு முட்டை போகும். உங்க தப்புக்கு ஒரு பம்ப் போகுது."

மெக்கானிக் பம்ப் மாற்றியதற்கான கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த நியாயம் அக்காவுக்குப் பிடித்திருந்தது. ஓட்டுநருக்குப் பிடிக்கவில்லை. "வித்துடு. இது கார் இல்ல, உண்டியல். போட்டுக்கிட்டே இருக்கணும்" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். மாடி ஏறி எனக்கே கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு தம்பதிக்கு ஐம்பதாவது திருமண நாள். அவர்களுடைய மகள் வந்து மூன்று அடுக்கு கேக் கேட்டார். மேலே வெள்ளை கிரீம், சுற்றிலும் கிரீமிலேயே செய்த மல்லிகைச் சரம். விழா நடக்கும் மண்டபம் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல். சாயங்காலம் விருந்து, கேக் மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

குன்று என்றதும் எனக்கே திக்கென்றது. அக்கா முதல் நாளே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது, நிரப்பிக் கொடுத்தார். "மெதுவா ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். மூன்று அடுக்குகளையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, அங்கே போய் அடுக்குவதாகத் திட்டம். கீழடுக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் ஓட்டுநர் விடுமுறை எடுத்துக்கொண்டு நல்ல சட்டை போட்டு முன்சீட்டில் ஏறினார். அவர்களை வழியனுப்பிவிட்டு நான் மேலே வந்து துண்டு டப்பாவைத் திறந்தேன். அதன்பிறகு நடந்ததை இருவரும் தனித்தனியே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஊர் எல்லை வரை ஒரு குறையும் இல்லை. ஏசி சில்லென்று ஊதியது. மேடு ஆரம்பித்து இரண்டாவது வளைவில் முள் எழுந்தது. ஓட்டுநர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏசியை நிறுத்து."

"நிறுத்தினா கிரீம் இளகிடும்."

"நிறுத்தலேன்னா எஞ்சின் இளகிடும். ஏசி எஞ்சினோட பலத்தைப் புடுங்குது. முள்ளைப் பாரு."

அடுத்த வளைவில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அக்கா ஓரம் கட்டினார். பானெட்டைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. ரேடியேட்டர் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோன அக்காவை ஓட்டுநர் தடுத்தார். "தொடாதே. கொதிக்குது. தெறிச்சா மூஞ்சி போயிடும்." பிறகு மெதுவாகச் சொன்னார், "ஒரு வழி இருக்கு. பழைய பஸ்ஸுல நாங்க செய்வோம். கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் ஹீட்டரை முழுசா திறந்து விடு. எஞ்சின் சூட்டைக் காருக்குள்ள இழுத்துக்கும். மெதுவா மேல போயிடலாம்."

அக்கா அவரையே பார்த்தார். "ஹீட்டரா?"

"ஆமா."

"பின்னாடி மூணு பெட்டி கிரீம் இருக்கு. நீங்க ஹீட்டர் போடச் சொல்றீங்க."

"எஞ்சினைக் காப்பாத்தற வழியச் சொன்னேன். கேக்கைக் காப்பாத்தற வழி எங்க டிப்போவுல சொல்லித் தரலை."

இவ்வளவு நாள் கேக்கைக் குளிரவைக்கத்தான் இந்தக் கார் என்று இருந்தார் அக்கா. இப்போது கார் பிழைக்கவேண்டுமென்றால் கேக்கை வேகவைக்க வேண்டும். அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆர்டர் கொடுத்த மகள் வேறு போனில். "கிளம்பிட்டீங்களா, எங்க இருக்கீங்க?" அக்கா, "வந்துட்டே இருக்கோம்மா, வளைவுல இருக்கோம்" என்றார். அது பொய்யில்லை.

சாலை குறுகல். இவர்கள் கார் பாதி வழியை அடைத்து நின்றது. பின்னால் ஒரு ஹாரன். திரும்பினால் ஒரு பால் வண்டி. பின்பக்கம் வெள்ளைப் பெட்டி வைத்த குளிர்வண்டி. காலையில் சரக்கு இறக்கிவிட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதை ஓட்டி வந்தவர் ஒல்லியான மனிதர். இறங்கி வந்து பானெட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, வண்டி அவுட்டா?"

"வண்டி வந்துடும். சரக்குதான் தாங்காது. உள்ள கேக்கு இருக்கு. மேல மண்டபத்துக்கு."

அக்காவின் கண் அதற்குள் வெள்ளைப் பெட்டியில் பதிந்துவிட்டது. "அண்ணே, உங்க வண்டியில பின்னாடி என்ன இருக்கு?"

"காலி கிரேட்டுங்கதான்."

"குளிரா இருக்குமா?"

"இருக்கும். மெஷினை நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கையை ஆட்டினார். "அக்கா, வேணாங்க. கம்பெனி வண்டி. வெளிச் சரக்கு ஏத்தினா வேலை போயிடும்."

ஓட்டுநர் அவர் தோளில் கை வைத்தார். "நானும் கம்பெனி வண்டி ஓட்டறவன்தான் தம்பி. நகர பஸ்ஸு. உத்தரவுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். வழியில வண்டி நின்னு போனா, அதுல இருக்கற பயணிங்களை அடுத்த வண்டியில ஏத்தி விடணும். உண்டா இல்லையா?"

"அது பஸ்ஸுக்கு."

"இதைச் சரக்குன்னு நினைக்காதே. மூணு பயணிங்கன்னு நினைச்சுக்கோ. சத்தம் போட மாட்டாங்க. ஜன்னல் சீட்டுக் கேக்க மாட்டாங்க."

பால் வண்டிக்காரர் ஒரு பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கிரீம் மல்லிகையில் ஒன்றிரண்டு லேசாகச் சாய ஆரம்பித்திருந்தன. யாருக்கு என்று கேட்டார். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு என்றார் அக்கா. அவர் கொஞ்ச நேரம் பெட்டியையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். பண்ணை மேலாளரைக் கூப்பிட்டார். மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். எதிர்முனையில் நீளமாக ஏதோ பேச்சு. போனை வைத்துவிட்டு, "பால் வாடை ஏறிடுச்சுன்னு அப்புறம் புகார் வரக் கூடாதாம்" என்றார்.

"கேக்கே பாலுலதான் செஞ்சது" என்றார் அக்கா.

மூன்று பேருமாகப் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்து, நகராமல் சுற்றிலும் கிரேட்டுகளை அண்டக் கொடுத்தார்கள். கேக்கை விட்டு அக்கா நகர மாட்டார்; பால் வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அப்போதுதான் காரை யார் ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தது. வீட்டு ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன் என்றிருந்தவர் தானே போய் உட்கார்ந்தார். எஞ்சின் ஆறும் வரை காத்திருந்துவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்து, நான்கு கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில், சூடான காற்றை மடியில் வாங்கிக்கொண்டு குன்றில் ஏறினார். இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஏறினார். முள் சிவப்பைத் தொடவே இல்லை.

அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கேக் மூன்று அடுக்காக நிமிர்ந்து நின்றிருந்தது. சாய்ந்த இரண்டு மல்லிகையை அக்கா மாற்றியிருந்தார். ஓட்டுநரின் நல்ல சட்டை உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விழா நாயகர், எண்பதை எட்டிய பெரியவர், அவரைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டாராம், "வெளிய மழையா?"

பால் வண்டிக்காரரையும் மகள் விடவில்லை. ஒரு பெரிய துண்டை மேலாளருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

அன்று இரவு நான் கேட்ட சண்டை எனக்கு விளங்கவே இல்லை. ஏனென்றால் ஆட்கள் இடம் மாறியிருந்தார்கள்.

"வித்துடலாங்க. இதை நம்பி இனிமே ஆர்டர் எடுக்க மாட்டேன். இன்னைக்கு அந்தப் பால் வண்டி வரலேன்னா என் பேரு என்ன ஆயிருக்கும்?" இது அக்கா.

"வித்துட்டு? நான் ஓட்டிப் பாத்துட்டேன். ஸ்டீரிங் நூல் பிடிச்ச மாதிரி போகுது. பிரேக்கு நல்லா இருக்கு. கியரு வெண்ணெய். அந்தச் சூடு ஒண்ணுதான். ஒரு நல்ல வண்டியை ஒரு வியாதிக்காகத் தூக்கிப் போடுவாங்களா?" இது ஓட்டுநர்.

"நீங்கதானே உண்டியல்னு சொன்னீங்க?"

"அப்ப நான் ஓட்டலையே."

மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. "ஹெட் கேஸ்கட். எஞ்சினோட மேல்மூடிக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது பொத்தலாயிருக்கு. முன்னாடியே இதைப் பாத்திருக்கணும், என் மேலதான் தப்பு. ஆனா அண்ணே அங்க ஆற வெச்சு ஓட்டினீங்க பாருங்க, அது பெரிய விஷயம். அப்படியே ஓட்டியிருந்தா மேல்மூடியே கோணியிருக்கும். அப்ப எஞ்சினே போச்சு."

ஓட்டுநர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். எவ்வளவு ஆகும் என்று கேட்டதும் மார்பு பழைய இடத்துக்கு வந்தது. கார் வாங்கின விலையில் கிட்டத்தட்ட பாதி.

பட்டறைக்கு வெளியே இரண்டு பழைய சீட்டுகள் கிடந்தன. அவற்றில் உட்கார்ந்து யோசித்தார்கள். அக்காதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இதைச் சரி பண்ணிட்டா அடுத்து எது போகும்? மறைக்காம சொல்லுங்க."

அவர் காரைச் சுற்றி வந்தார். கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கிளட்ச். ஒரு வருஷம் தாங்கலாம், முன்னாடியும் போகலாம். அடியில கொஞ்சம் துரு இருக்கு, அது இப்ப ஒண்ணும் பண்ணாது. மத்தபடி எனக்குத் தெரிஞ்சு வேற எதுவும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அக்கா சிரித்துவிட்டார். ஓட்டுநர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். புதுக் கார் என்றால் ஐந்து மாதத் தவணையிலேயே இந்தப் பழுதுச் செலவு போய்விடும்; அதன்பிறகும் வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு பழைய கார் என்றால் அது எந்த இடத்தில் என்ன வியாதியை ஒளித்துவைத்திருக்கிறதோ, யார் கண்டது. இதன் வியாதிகளாவது தெரிந்தவை.

"சரி, பண்ணிடுங்க" என்றார் அக்கா. "ஆனா இனிமே மேட்டுக்கு இது போகாது. பெரிய கேக்குக்கும் இது போகாது. இதால முடிஞ்சதை மட்டும்தான் கேக்கணும். மூணு அடுக்குன்னா குளிர்வண்டி வாடகைக்கு எடுத்துடுவேன். அந்தக் காசை ஆர்டர்லயே சேத்துடுவேன். அப்புறம் ஒவ்வொரு கேக்குலயும் காருக்குன்னு ஒரு சின்னத் தொகை தனியா வெப்பேன். அது போனா போகட்டும்னு இருக்கும். பில்லைப் பாத்து நாற்காலி தேட வேணாம்."

கார் பட்டறையில் கிடந்த நாட்களில் அக்கா வாடகை வண்டியில்தான் போனார். பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர்களிடம் மேடு பள்ளத்தைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தியபடி. கார் திரும்பி வந்ததும் ஓட்டுநர் முதல் வேலையாக அதை வெயிலில் இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றி ஓட்டினார். முள் நடுவில் படுத்துத் தூங்கியது. வந்து இறங்கியவர் என் ஜன்னலைப் பார்த்து, "மேல வாங்க சார், ஒரு ரவுண்டு போலாம்" என்றார். நான் மேலேதான் இருந்தேன் என்பதுகூட அந்த உற்சாகத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் சொன்னபடியே அடுத்த மழைக் காலத்தில் கிளட்ச் போனது. ஒரு சிக்னலில், கேக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில். நானும் அந்தக் காரில் இருந்தேன். என் கண் டாக்டரிடம் இறக்கிவிடுவதாகச் சொல்லி அழைத்துப் போயிருந்தார். கியர் விழவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா நிதானமாக விளக்கைப் போட்டு, போனை எடுத்து மெக்கானிக்கிடம், "நீங்க சொன்னது வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னார். ஏதோ எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்ட மாதிரி. அதற்கான பணம் வீட்டில் தயாராக இருந்தது. என்னை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிவிட்டு, தள்ளுவதற்குச் சிக்னலில் நின்ற இரண்டு பேரைப் பிடித்துவிட்டார்.

இப்போது காருக்கு வயது பத்தொன்பது. நம்பிக்கையான கார் என்று சொல்வேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா இதுவரை ஒரு கேக்கைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. மூன்று அடுக்கு கேக்குகள் குளிர்வண்டியில் போகின்றன. சின்னக் கேக்குகள் நீலக் காரில் போகின்றன. விடுமுறை நாளில் ஓட்டுநர் கீழே நின்று பழைய பனியனால் அதைத் துடைக்கிறார்.

நேற்று முழுக்க அவர்கள் வீட்டில் வாக்குவாதம். காருக்குப் புதுசாக நீலம் அடிக்க வேண்டும் என்கிறார் அவர். அந்தக் காசில் டயர் மாற்றலாம் என்கிறார் அக்கா. டயர் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்கிறார் அவர். நீலமும்தான் தாங்கும் என்கிறார் அக்கா. இன்று காலை தீர்ப்புக் கேட்க இருவரும் மாடி ஏறி வந்தார்கள். அக்கா கையில் துண்டு டப்பா இருந்தது. நான் டயர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.